நாற்பது நீல டிக்குகள்

அறிவிப்பாளர் அம்மாவுக்கு,

சென்ற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் விசாரணை நடந்தபோது நீங்களும் உங்கள் தம்பியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்தோம் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்காணிப்பாளர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையின் தலைப்பக்கம் இருந்தார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் அவர் முகம் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு வலப்பக்கம், உங்களுக்கு இரண்டு முறையும் ஆபரேஷன் செய்த சர்ஜன். இடப்பக்கம், ஸ்லைடுகளைப் பார்த்து நோயைச் சொல்லும் லேப் டாக்டர். அவர் முன்னால் உங்கள் ஸ்லைடுகள் இருந்த அட்டைப் பெட்டி. மூலையில், பேசுவதைக் குறித்துக்கொள்ள ஒரு கிளார்க். மேசைக்கு எதிர்ப்பக்கம் மூன்று நாற்காலிகள். ஒன்றில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து லேபுக்கு ஜாடிகளைக் கொண்டுவரும் அம்மா; மருத்துவமனையில் எல்லாருக்கும் அவர் ஜாடி அக்கா. இன்னொன்றில் நான். எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த நாற்காலியில் ஆள் இல்லை. அதில் என்னுடைய ரிஜிஸ்டரை வைத்திருந்தேன்.

நான் லேப் டெக்னீஷியன். விசாரணை முடிந்து கதவைத் திறந்துகொண்டு முதலில் வெளியே வந்தவன், நெஞ்சோடு ஒரு பெரிய நோட்டை அணைத்துக்கொண்டு உங்களைப் பார்க்காமல் படியிறங்கிப் போனவன், நான்தான். உங்கள் கழுத்திலிருந்து எடுத்ததைச் சீவிக் கண்ணாடியில் ஏற்றியதும் நான்தான்.

உங்களிடம் அவர்கள் சொன்ன முடிவு: வேறொருவருடைய புற்றுநோய்த் துணுக்கு ஒன்று, தியேட்டரில் ஜாடி மாற்றும்போது கழுவாத இடுக்கி வழியாக உங்கள் ஜாடிக்குள் போய்விட்டது, அதற்குப் பொறுப்பான ஊழியர் வரும் முதல் தேதியிலிருந்து வேலையில் இருக்க மாட்டார். இது உண்மை இல்லை. அந்தத் துணுக்கு ஜாடிக்குப் போகவே இல்லை. அது என் மேசையில், என் தண்ணீரில் நடந்தது. இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் சொல்கிறது. பாதியில் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றினால், கடைசிப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

உங்களுக்கு முதலில் இருந்தது, கழுத்தின் வலப்பக்கம் பாக்களவு ஒரு கட்டி. தைராய்டு என்பது பட்டாம்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி மூச்சுக்குழாயின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி. கட்டி இருந்த வலது இறக்கையை மட்டும் எடுத்தார்கள். எடுத்ததை ஃபார்மலினில் ஊறப் போட்டு எங்களிடம் அனுப்பினார்கள். உடம்பிலிருந்து எடுத்த எதுவும் அப்படியே விட்டால் அழுகும். ஃபார்மலினில் இட்டால் இறுகி அப்படியே நிற்கும். பிறகு அதை ஆல்கஹாலில் காட்டித் தண்ணீரை வெளியேற்றி, சூடான மெழுகை உள்ளே ஏற்றி, ஆற வைத்தால் ஒரு சின்ன மெழுகுக் கட்டி. அதை பிளாக் என்போம். பிளாக்கை இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் சீவல் சீவலாக நாடா மாதிரி வரும். ஒரு சீவல் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூச்சை வேகமாக விட்டால் பறந்துவிடும்.

அந்தச் சீவல் சுருங்கி இருக்கும். அதை விரிக்க, ஒரு வட்டமான தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்திருப்போம். சீவலை அதன்மேல் மிதக்க விட்டால் சுருக்கம் நீங்கிப் படுக்கும். ஸ்லைடு என்னும் கண்ணாடித் துண்டைத் தண்ணீருக்குள் சாய்த்து அடியிலிருந்து தூக்கினால் சீவல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சாயம். சாயம் ஏற்றிப் பார்த்தால் நல்ல தைராய்டு எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா? வட்ட வட்டமான அறைகள், ஒவ்வொரு அறையிலும் இளஞ்சிவப்பு ஜெல்லி, சுவரோரம் ஒரே ஒரு வரிசை செல்கள். உங்களுடையது அப்படித்தான் இருந்தது. கட்டி இருந்த இடத்திலும் அறைகள் வீங்கிப் பெரிதாகியிருந்தனவே தவிர, வேறு ஒன்றும் இல்லை.

ஒரு பிளாக்கைச் சீவி முடித்ததும், தொட்டித் தண்ணீரின் மேற்பரப்பை மெல்லிய காகிதத்தால் ஒரு தரம் வழித்தெடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் மிதந்துகொண்டிருக்கும். வழித்துவிட்டு ரிஜிஸ்டரில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக். 'நீர் துடைத்தது' என்று அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு வரி: பிளாக்கின் எண், சீவிய நேரம், டிக்.

நான் இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். லேபில் எனக்கு மெஷின் என்று பட்டப்பெயர். காலை டிரேயில் நாற்பது பிளாக் இருக்கும். மற்றவர்கள் ஒரு மணிக்கு முடிப்பதை நான் பன்னிரண்டே காலுக்கே முடித்துவிட்டுக் கைகழுவப் போவேன். "மெஷினுக்கு ஆயில் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். எனக்கு உள்ளூர அதில் பெருமை.

ஈரக்கையோடு பேனாவைத் தொட்டால் பக்கம் ஊறிப்போகிறது என்று எப்போதோ ஒரு வழக்கம் தொடங்கினேன். காலையில் வந்து உட்கார்ந்ததும், கை உலர்ந்திருக்கும்போதே, நாற்பது வரிக்கும் டிக்கை மேலிருந்து கீழாகப் போட்டுவிடுவது. எண்ணையும் நேரத்தையும் மட்டும் அப்போதைக்கப்போது கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவேன். ஆரம்பத்தில் டிக் போட்டுவிட்டோமே என்பதற்காகவே ஒழுங்காகத் துடைத்தேன். பிறகு டிக்தான் இருக்கிறதே என்று, ஐந்து பிளாக்குக்கு ஒரு தரம் துடைக்க ஆரம்பித்தேன். ஒருமுறை வழிக்கப் பதினைந்து நொடி. நாற்பதுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்கு ஆபரேஷன் நடந்த அதே நாளில் வேறொரு பெண்ணுக்கும் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அவருக்கு நிஜமாகவே புற்றுநோய். அவரைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. டிரேயில் அவர் பிளாக் இருபத்திரண்டாவது. உங்களுடையது இருபத்து மூன்றாவது.

லேப் டாக்டர் உங்கள் ஸ்லைடில் ஓரமாக ஒரு துணுக்கைப் பார்த்தார். அதில் அறைகள் இல்லை. பெரணி இலை மாதிரி கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. செல்களின் நடுப்பகுதி வெளிறிப்போயிருந்தது. பார்த்தால் சந்தேகமே வராது, அது புற்றுநோய்தான். அவர் எழுதினார். சர்ஜன் படித்தார். ஐந்து வாரம் கழித்து உங்கள் இடது இறக்கையையும் எடுத்தார்கள்.

அந்த இடது பாதியில் நோயின் தூசுகூட இல்லை. அதன் பிளாக்கையும் நான்தான் சீவினேன்.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் வேறு மருத்துவமனையில் ஸ்லைடைக் காட்டி, அங்கே இருந்த டாக்டர் "இந்தத் துணுக்கு இந்த உடம்பைச் சேர்ந்ததா என்று பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்ததால்தான் விசாரணையே வந்தது. உங்கள் பிளாக்கை மறுபடி சீவிப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது.

லேப் டாக்டர் நேராக என்னைத்தான் முதலில் கேட்டார். "தண்ணியில மிதந்து வந்திருக்குமா? மறைக்காம சொல்லுங்க."

"ஒவ்வொரு பிளாக்குக்கும் துடைச்சேன் டாக்டர். ரிஜிஸ்டர்ல இருக்கு."

என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கண்காணிப்பாளர் ரிஜிஸ்டரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பி, விரலால் கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனார். "பாருங்க, ஒண்ணுகூட விடல. எல்லாரும் இப்படி எழுதி வெச்சா நாம இங்க உட்கார வேண்டிய அவசியமே இருக்காது" என்றார். கிளார்க் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு ஜாடி அக்காவைக் கேட்டார்கள். சின்ன ஜாடியில் ஃபார்மலின் போதாதபோது அவர் இடுக்கியால் எடுத்துப் பெரிய ஜாடிக்கு மாற்றுவது உண்டு. அன்றைக்கு இரண்டு பேருடையதையும் அப்படி மாற்றியிருக்கிறார்.

"நடுவுல இடுக்கியைக் கழுவினீங்களா?"

"எப்பவும் கழுவுவேன் சார்."

"அன்னிக்கு?"

அக்கா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு. "கழுவியிருப்பேன் சார். ஆனா அன்னிக்குக் கழுவினதைக் கண்ணால பார்த்த மாதிரி சொல்லச் சொன்னா, என்னால முடியாது. எட்டு மாசம் ஆச்சே."

"ஞாபகம் இல்லைன்னா எப்படிம்மா? இது சின்ன விஷயமா?"

"போன மாசம் இதே தேதியில பல்லு தேச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? ஆனா தேச்சிருப்பீங்க இல்ல?"

கிளார்க் சிரித்துவிட்டு, உடனே இருமினார். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. லேப் டாக்டர் மட்டும், "துணுக்கு ஜாடியிலேயே வந்திருந்தா பிளாக்ல இன்னும் கொஞ்சமாவது மிச்சம் இருக்கணுமே" என்று சொல்லிப் பார்த்தார். "சின்னத் துணுக்கு, முதல் சீவல்லயே தீர்ந்திருக்கும்" என்றார் சர்ஜன். அப்படியும் நடக்கலாம்தான். அதனால் லேப் டாக்டர் மேலே பேசவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தெரியாது என்று சொன்னவர் குற்றவாளி ஆனார். பொய்யைத் தெளிவாகச் சொன்ன நான் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்தேன்.

நாலைந்து படி இறங்குவதற்குள் கண்காணிப்பாளர் வாசலில் வந்து உங்களிடம் முடிவைச் சொன்னார்; உங்கள் குரல் கேட்டு நின்றேன். குரல் என்று எழுதிவிட்டேன். காற்று மட்டும் வந்தது. "நீங்கதானா?" என்று அக்காவைக் கேட்டீர்கள். உங்கள் தம்பி, "நீ பேசாதே, தொண்டை வலிக்கும், நான் கேக்கறேன்" என்றார். நீங்கள் விடவில்லை. "ரெண்டு நிமிஷம் குழாயைத் திறக்கச் சோம்பல். அதுக்கு என் தொண்டைதான் கிடைச்சுதா?" என்றீர்கள். தம்பி இன்னும் சத்தமாக, "நோயே இல்லாத ஆளுக்குத் தினமும் மாத்திரை வேற! எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டோம், தெரியுமா?" என்றார். அக்கா என்ன பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவை ஐந்து நிமிடம் வாய்மூடி இருந்து யாரும் பார்த்ததில்லை.

உங்கள் குரல் எப்படிப் போனது என்று யாராவது உங்களுக்குச் சரியாகச் சொன்னார்களா என்று தெரியவில்லை. குரல்வளையை அசைக்கும் நரம்பு ஒன்று இருக்கிறது. மூளையிலிருந்து வருவது நேரே தொண்டைக்குப் போனால் தீர்ந்தது. அது அப்படிப் போவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய குழாயைச் சுற்றிக்கொண்டு, திரும்ப மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. இடப்பக்கத்து நரம்புக்கு இந்த வழி. வலப்பக்கத்தது கொஞ்சம் மேலேயே திரும்பிவிடும். ஏறி வரும்போது தைராய்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வரும். நூல் பருமன்தான். வலது இறக்கையை எடுத்தபோது அந்தப் பக்கத்து நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் நீங்கள் வேலைக்குப் போனீர்கள், எனக்குத் தெரியும். இடது பாதியை எடுத்தபோதுதான் அந்தப் பக்கத்து நரம்பு இழுபட்டது. சர்ஜன் அதை வெட்டவில்லை, இழுபட்டு அடிபட்டிருக்கிறது, மாதக்கணக்கில் தேறக்கூடும் என்று விசாரணையில் சொன்னார். தேறலாம். தேறாமலும் போகலாம். அதைப் பற்றிப் பொய்யாக நான் ஒன்றும் எழுத மாட்டேன்.

எனக்குத் தெரியும் என்றேனே, எப்படி என்று சொல்கிறேன். ஒன்பது வருடமாக நான் தினமும் ஏழு ஐம்பது வண்டியில் வேலைக்குப் போகிறவன். மூன்றாம் நடைமேடை. உங்கள் முகத்தைத் திங்கட்கிழமை அந்த அறைக்குள் போகும்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். உங்கள் குரல் என் காலை நேரத்தின் பாதி. வண்டி தாமதம் என்றால் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, கடைசியில் நீங்களாக ஒன்று சேர்ப்பீர்கள். "படியில் நிற்பவர்கள் உள்ளே வாருங்கள், வண்டிக்கு நீங்கள் வேண்டாம், வீட்டுக்கு வேண்டும்." ஒருநாள் நாற்பது நிமிடம் தாமதம். "ஓட்டுநரும் மனிதர்தான், அவரும் இன்று உங்களைப் போலவே கிளம்பியிருக்கிறார்" என்றீர்கள். நடைமேடை முழுக்கச் சிரித்தது.

எட்டு மாதம் முன்பு இரண்டு வாரம் உங்கள் குரல் வரவில்லை. திரும்பி வந்தது. அப்புறம் ஒருநாள் நின்றதுதான். இப்போது பதிவு செய்த குரல் ஒன்று, எண்ணையும் ஊரையும் ஒட்டுப்போட்டுச் சொல்கிறது. உங்கள் வேலையையும் ஊரையும் கேஸ் தாளில் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் சீவிய இருபத்து மூன்றாவது பிளாக், நான் தினமும் கேட்ட குரல்.

அது விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை மதிய இடைவேளை. லேபில் யாரும் இல்லை. கேஸ் தாளைப் பார்த்ததும் இரண்டு ஸ்லைடையும் அலமாரியிலிருந்து எடுத்தேன். முதலில் உங்களுடையது. அந்தத் துணுக்கு உங்கள் சீவலோடு ஒரே தளத்தில் இல்லை. நுண்ணோக்கியின் குமிழைத் திருப்பினால் முதலில் துணுக்கு தெளிவாகிறது. அது மங்கிய பிறகுதான் கீழே உங்கள் திசு தெளிவாகிறது. மேலே வந்து படுத்திருக்கிறது என்று அர்த்தம். மெழுகுக்குள் இருந்து வந்திருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெளிவாகும்.

பிறகு இருபத்திரண்டாவதைப் பார்த்தேன். அந்தச் சீவலின் கீழ் ஓரத்தில் ஒரு மூலை இல்லை. கிழிந்து போயிருந்தது. நான் இரண்டின் விளிம்பையும் மெல்லிய காகிதத்தில் வரைந்தேன். பொருத்திப் பார்த்தேன். ஒரே பக்கத்தை இரண்டாகக் கிழித்துத் திரும்ப வைத்த மாதிரி வளைவுக்கு வளைவு சேர்ந்தது. அதாவது, திங்கட்கிழமை "துடைச்சேன்" என்று சொன்னபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் சொன்னேன் என்று நீங்கள் எனக்காக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே நாளையும் கிழமையையும் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை இரவே வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, "நாலு வருஷத்துல ரிடையர் ஆகப்போற மனுஷன். இப்ப வாயைத் திறக்கணுமா?" என்றாள். சரி, என் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். அவள் இன்னும் இரண்டு துணியை மடித்தாள்.

"நீங்க அப்படித்தான். கேஸ் சிலிண்டரை மூடினீங்களான்னு கேட்டா, தலையைத் தூக்காம மூடிட்டேம்பீங்க. நான் போய்ப் பார்த்தா திறந்துதான் இருக்கும். இத்தனை வருஷமா நான் பின்னாலயே போய் மூடிக்கிட்டு இருக்கேன். அங்க யாரு மூடறது?"

அப்படியும் திங்கட்கிழமை பொய் சொன்னேன். மனைவி சொன்னது காரணம் இல்லை, பயம்தான் காரணம். ரிஜிஸ்டரைக் கண்காணிப்பாளர் புகழ்ந்தபோது பயம் போய் ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது நேற்று நடந்ததுதான். பதினொரு மணி இருக்கும், ஜாடி அக்கா எங்கள் சின்ன ஜன்னல் வழியாக ஜாடிகளை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

"என்ன மெஷின் தம்பி, அன்னிக்கு உன் டிக்கெல்லாம் எவ்வளவு அழகா வரிசையா இருந்துச்சு! அந்த நோட்டுல எனக்கும் ஓரமா ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா?"

நான் சிரிக்க முயன்றேன். வரவில்லை. அவர் ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

"வேலை போறதுகூடப் பரவாயில்லப்பா. என் பொண்ணு வீட்டுக்கு வந்துடும்மான்னு எப்பவோ கூப்பிட்டுது. அந்த அம்மா கேட்டாங்களே, அதான். நீங்கதானான்னு. எனக்குப் பதில் தெரியல பாரு. தினமும் ராத்திரி படுத்துக்கிட்டு அந்த நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கறேன். ஒருநாள் கழுவற மாதிரி வருது. ஒருநாள் கழுவாத மாதிரி வருது. இப்பல்லாம் கழுவாததுதான் வருது. கழுவலைதான் போல தம்பி."

"அக்கா..." என்றேன்.

"விடு, உனக்கு வேலை இருக்கும். நீ பாட்டுக்கு உன் தண்ணியைத் துடை."

போய்விட்டார். செய்யாத தப்பு அவர் ஞாபகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அம்மா. என் தொட்டியிலிருந்து மிதந்து வந்து, அவருடைய நாளின்மேல் ஒட்டிக்கொண்டது. நான் இன்னும் ஒரு வாரம் வாய் திறக்காவிட்டால் அவர் அதைச் சத்தியம் பண்ணியே சொல்வார்.

ஜாடிகளை அப்படியே வைத்துவிட்டு ரிஜிஸ்டரை எடுத்தேன். அந்தப் பக்கத்தை ஒரு தரம் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. அன்று காலை பதினேழாவது வரியில் என் நீலப் பேனா மை தீர்ந்துபோனது. பதினெட்டாவது வரியிலிருந்து எண்ணும் நேரமும் சிவப்புப் பேனாவில் எழுதியிருக்கிறேன். பக்கத்து மேசையிலிருந்து வாங்கியது. ஆனால் டிக்? நாற்பதும் நீலம். மை தீர்ந்த பேனாவால் அதற்குப் பிறகு இருபத்து மூன்று டிக் யாரும் போட முடியாது. காலையிலேயே போட்டால்தான் உண்டு. கண்காணிப்பாளர் விரலால் தடவிப் பார்த்த அதே பக்கம். நான் எழுதி வைத்த பொய்யின் மேலேயே உண்மையும் எழுதியிருந்தது, யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை.

இனி உங்களிடம் சொல்ல வேண்டியது.

ஒன்று, உங்களுக்குப் புற்றுநோய் இல்லை. இருந்ததும் இல்லை. 'வாய்ப்புக் குறைவு' என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். நான் இரண்டு பாதியையும் சீவினவன். லேப் டாக்டரிடம் அந்த இரண்டு விளிம்புகளையும் காட்டினால் அவரே உங்களுக்கு எழுதிக் கொடுப்பார்.

இரண்டு, மாத்திரை. அது புற்றுநோய்க்கு உள்ளது அல்ல. உடம்பில் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று சொல்வது தைராய்டு சுரக்கும் நீர்தான். இதயத்தின் துடிப்பு, உடம்புச் சூடு, குடலின் அசைவு, தோலின் ஈரம், எல்லாம் அதைக் கேட்டுத்தான் நடக்கின்றன. உங்களுக்கு இப்போது சுரப்பியே இல்லை; மாத்திரைதான் சுரப்பி. நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது, பழையது சில வாரம் உடம்பில் தங்கும். அதுதான் ஏமாற்றும். அப்புறம் குளிரும், சோர்வும், முகம் ஊதுவதும் வரும், அதையும் தாண்டிப் போகும். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போலிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்; தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, அவையும் அடிபட்டிருக்கலாம். இதை மட்டும் தபாலுக்காகக் காத்திருக்க விட மனம் வரவில்லை. நேற்றே புறநோயாளிப் பிரிவு சிஸ்டரிடம் சொல்லி உங்கள் வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னேன். தம்பி எடுத்தாராம், கோபமாகப் பேசினாராம், ஆனால் மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டாராம். தயவுசெய்து டாக்டரைப் பார்த்து மறுபடி தொடங்குங்கள். என்மேல் உள்ள கோபத்துக்கு மாத்திரையைத் தண்டிக்காதீர்கள்.

மூன்று, ஜாடி அக்கா. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது. நான்தான்.

இதே விவரம் எல்லாம் எழுதிக் கண்காணிப்பாளருக்கும் ஒரு கடிதம் தயார். நாளை காலை ஒன்பது மணிக்கு, ரிஜிஸ்டரோடு நேரில் கொடுப்பேன். அதற்கு முன்னால் எட்டரைக்கு, தியேட்டர் வாசலில் அக்காவைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அவர் திட்டுவார். திட்டினால் நல்லது. ஆறுதல் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உங்களுக்கான கடிதத்தை முதலில் தபாலில் போடுவதற்குக் காரணம் உண்டு. திங்கட்கிழமை என்னை நான் பார்த்துவிட்டேன். நாளை ஒன்பது மணிக்கு அந்த அறை வாசலில் நின்று திரும்பி வந்துவிட மாட்டேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தபால் பெட்டிக்குள் போனதை நான் எடுக்க முடியாது. ஆகவே, இது கிடைத்து மூன்று நாளில் ஜாடி அக்காவின் வேலை அவருக்கே என்ற செய்தி உங்களுக்கு வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கும் அந்த இரண்டு விளிம்புகளின் வரைபடத்தையும் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். பதினேழாவது வரிக்குக் கீழே பேனாவின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என் பேச்சை யாரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

மன்னிப்பு என்ற சொல்லை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன். கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் தொண்டைக்கு இப்போது ஓய்வு வேண்டும்.

இப்படிக்கு,
இருபத்து மூன்றாவது பிளாக்கைச் சீவியவன்

(உறையின் பின்பக்கம்)

மூன்றாம் நடைமேடைத் தபால் பெட்டியின் முன்னால் நின்று இதை எழுதுகிறேன். வரைபடம் உள்ளே இருக்கிறது. பிரித்து மறுபடியும் பார்த்துக்கொண்டேன். உறையை ஒட்டியாயிற்று. நேரம் மாலை ஆறு பத்து. ஒட்டிய பிறகுதான் எழுதினேன்.